நீட்டிய கை

தங்கப்பாண்டியன் அண்ணாச்சி படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா நாகஜோதி, எங்கடைக் காலண்டரை மாட்டுறவன் காலையில எந்திரிச்சதும் இதுலயா முழிக்கணும்?"

"ஏன் அண்ணாச்சி? உங்க கிட்டங்கிச் செவருதான?"

"செவரு என்னுதுதான். வெறுங்கைய நீட்டிக்கிட்டு நிக்காளே, அவ? வத்தல் யாவாரி கையேந்திட்டான்னு ஊரு சிரிக்கவா?"

விருதுநகர்ப் பஜாரில் அவர் பாட்டனார் சரக்கு அடுக்கக் கட்டிய கிட்டங்கியின் சுண்ணாம்புச் சுவர் அது. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் போன கோடையில் தரையிலிருந்து மாடி வாசல்வரை அதில் ஒரு பட்டாசுக் கம்பெனிப் பெண்ணை வரைந்திருந்தார்கள். வெடிமருந்து பட்டு வெள்ளியாக மின்னும் உள்ளங்கையை அவள் மேல்நோக்கி விரித்து நீட்டியிருந்தாள். அண்ணாச்சிக்கு நீட்டிய கை மட்டும்தான் தெரிந்தது.

நாகஜோதி சிவகாசி அச்சகத்தில் வெடிப் பெட்டிகளைப் படம் எடுத்தே காலம் தள்ளியவள். வீட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி அவள் எடுத்த முதல் படம் இது. அண்ணாச்சி வேண்டாம் என்றால் அச்சகத்தில் பழைய பாப்பா படம் தயாராக இருக்கிறது. ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்து சிரிக்கும் அதே பாப்பா.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி."

"பொறுக்கேன். பாப்பாவும் எங்கயும் ஓடாது."

முந்தின நாள் அந்தப் படத்தை எடுக்க அவள் வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்திருந்தாள். வண்டி, மூட்டை, ஆள் எதுவும் குறுக்கே வராமல் சுவர் துடைத்த மாதிரி இருக்கட்டும் என்று. இன்று பஜார் முழு வேகத்தில் இருந்தது. வத்தல் நெடி தும்மலைக் கிளப்பியது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு தள்ளுவண்டி மறைத்தது.

"ஏ தாயி, தள்ளி நில்லு. மூட்டை எறங்குது," என்று மேலிருந்து ஒரு குரல். கிட்டங்கியின் மாடி வாசலில் நின்று, சுமைதூக்கும் தொழிலாளி மொக்கைச்சாமி கப்பிக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். வத்தல் மூட்டை சுவரை ஒட்டி ஆடி ஆடி இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூட்டை அந்தப் பெண்ணின் நெற்றியைக் கடந்தது, தோளைக் கடந்தது.

"அண்ணே, அங்கனயே நிறுத்துங்க!"

"அந்தரத்துலயா?"

"இன்னும் ஒரு சாண். ஆங், போதும்."

"சீக்கிரம் எடு தாயி. ஒனக்குப் படம், எனக்குத் தோள்பட்டை."

அவள் எதிர்க்கடைப் படியில் குத்தவைத்து எடுத்தாள். வெள்ளிக் கையில் மூட்டை அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.

கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்த அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மூட்டையில எங்கடைப் பேரு தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது."

"இப்பத்தாம்மா இது குடுக்குற கை. அச்சுக்கு அனுப்பு. நேத்தே இப்பிடி எடுத்திருந்தா என்னவாம்?"

"மூட்டை இடஞ்சலா இருக்கும்னு நேத்து நெனச்சேன் அண்ணாச்சி."

வெளியே வந்தபோது மொக்கைச்சாமி தோளை நீவிக்கொண்டிருந்தார்.

"அதுல எம்மொகம் தெரியுதா தாயி?"

அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "தலப்பா மட்டுந்தாண்ணே தெரியுது."

"போதும். எங்க வீட்டுக்காரி அதவச்சே கண்டுக்கிடுவா. அவதான தெனமும் தொவைக்கா."