இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

1

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், நன்னகரத்தை ஒட்டிய ஓர் ஒர்க்‌ஷாப்பில், பதினைந்து வயதான வெள்ளைக் கார் ஒன்றின் முன்பக்கம் ஜாக்கியில் தூக்கப்பட்டது.

கதை அங்கேதான் கிடைத்தது. என் ஸ்கூட்டருக்குப் பிரேக் ஒயர் மாற்றப் போனவன் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டேன். இதில் பாதி காதில் விழுந்தது, மீதி நானாகச் சேர்த்தது. எது எதுவென்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பெயர்கள் நான் வைத்தவை. காரின் கம்பெனிப் பெயரை முதல் பிரதியில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். முன் சஸ்பென்ஷன் எல்லாக் காரிலும் தேயும்.

2

முதல் தொடக்கம்: “சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் ஐந்தருவிச் சாலையின் மேல்—”

வேண்டாம். ஜூலையில் இங்கே சாரல் விழும். இதை ஒரு செய்தியாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: “அதீபாவின் கணவன் தம்மாமில் இருக்கிறான். தனிமையில் வாடும் அவளுக்கு அந்தக் காரே—”

இதையும் நிறுத்தினேன். கணவன் வளைகுடாவில் என்று எழுதியதும் மனைவி வாட வேண்டும் என்று கை தானாகப் போகிறது. நான் பார்த்த பெண் வாடவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில் உட்கார்ந்து, செங்கோட்டைக் கடைக்காரர் ஒருவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு எல்லுன்னியளே, இப்ப எக்ஸெல்லுங்கிய. துணிய வெட்டுனதுக்குப் பெறகு நான் இழுத்தா பெருசாக்க முடியும்?”

ஆகவே நேராகச் சொல்கிறேன். அதீபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தென்காசியில் வீட்டிலேயே துணி வெட்டி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்து, நைட்டியாகத் திரும்ப வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறாள். துணி போவதும் வருவதும் இந்தக் காரில். ஓட்டுவது அவள். ஆர்.சி. புத்தகம் மட்டும் கணவன் கிதிர் முகம்மது பெயரில்.

சில வாரங்களாக இடது முன்சக்கரத்தில் சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல் கேட்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. கணவனின் தம்பி அல்தாப் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “சேஸி போயிட்டு” என்று தம்மாமுக்குச் சொல்லிவிட்டான். சேஸி என்பது வண்டியின் எலும்பு. அது துருப்பிடித்து விட்டுப்போனால் செலவழிப்பதில் அர்த்தமில்லை. பழைய வண்டி வாங்கும் புரோக்கர் செந்தில்வேல் சிவகிரியிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு தடவை பிரித்தாவது பார்க்க வேண்டும் என்று அதீபா வண்டியை இங்கே கொண்டுவந்துவிட்டாள்.

கேள்வி ஒன்றுதான். போனது எலும்பா, மாற்றிப் போடக்கூடிய ஏதோ ரப்பரா? எலும்பு என்றால் நாளையோடு அவளுக்குக் கார் இல்லை.

3

அல்தாபை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன். மைனி கார் ஓட்டுவது பிடிக்காத கொழுந்தன். எழுத வசதியாக இருந்தது. ஆனால் அன்று அவனும் அங்கே நின்றிருந்தான், பேசினான். பேசவிட்டதும் வில்லன் கலைந்துபோனான்.

“மைனி, நான் என்ன உங்களுக்குக் கெடுதலா சொல்லுதேன்? லோடு ஆட்டோ ஒண்ணு பேசித் தாரேன். துணி அது பாட்டுக்குப் போயிட்டு வரும்.”

“துணி போவும். நான் போவ மாட்டேன்லா. நேர்ல நின்னு கேட்டாலே பட்டன் வைக்காமத் தாராளுவ.”

“ரோட்டுல வீல் கழண்டு ஓடுச்சுன்னா? அண்ணன் யாரக் கேப்பான்? என்னத்தான கேப்பான்.”

“அதுக்குத்தான பிரிச்சிப் பாக்கச் சொல்லுதேன்.”

மெக்கானிக் ஜெபசிங் காருக்கடியில் கிடந்தார். அவரைப் பெரிய வித்தைக்காரராகக் காட்ட எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், போன வாரம் இதே சத்தத்துக்கு சக்கரத்துக்கு மேலே இருக்கும் மவுண்ட் என்ற தாங்கியைக் குறைசொல்லி மாற்றியவர் அவர். சத்தம் அப்படியே இருந்தது. அந்த வேலைக்குக் கூலி வாங்காததால் இந்த வாரம் கொஞ்சம் உரக்கப் பேசும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தார்.

4

(வாசகருக்கு: இந்தப் பகுதியில் லோயர் ஆர்ம், புஷ் என்று இரண்டு சொற்கள் வரும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்திருக்கும் இரும்புக் கை. புஷ் என்பது அந்தக் கை உடம்பைத் தொடும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை. இது போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

ஜெபசிங் லோயர் ஆர்மைக் கழற்றி வெளியே எடுத்துப் போட்டார். புஷ்ஷைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

“என்ன இது, இருட்டுக்கடைக்கு—” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, “அல்வா கணக்கா இருக்கு” என்றார். “தேஞ்சா வெடிச்சு நிக்கும். இது ஊதிப் போயிருக்கு. ஊதுனா சும்மா ஊதாதே.”

மூக்கருகே கொண்டுபோனார். ஒரு முறை அதீபாவைப் பார்த்தார்.

“யம்மா, இங்கன எண்ணெய் கிண்ணெய் விட்டியளா?”

“விட்டேன். கீச்சுகீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. தம்மாம்லேருந்து மச்சான் வீடியோ காலுல பாத்துட்டு, எண்ணெய் விடு, நிக்கும்னாங்க. நின்னுச்சே.”

“என்ன எண்ணெய்?”

அதீபா கொஞ்சம் யோசித்தாள். “குத்தாலத்து எண்ணெய்.”

சீசன் தொடங்கியதும் கடையநல்லூரிலிருந்து உறவுக்காரர்கள் குளிக்க வந்திருக்கிறார்கள். பழைய குற்றால அருவிக்குப் போகும் வழியில் தேய்த்துக் குளிக்க வாங்கிய எண்ணெயில் பாதி பாட்டில் மிஞ்சிக் கார்க் கதவில் கிடந்திருக்கிறது. கத்திய இடத்தைக் கண்டுபிடித்து, குனிந்து, அதை முழுக்க ஊற்றியிருக்கிறாள். அடுத்த வாரமும் ஊற்றியிருக்கிறாள். அதற்காகப் புதுப் பாட்டில் வாங்கி.

ஜெபசிங் எழுந்து உட்கார்ந்தார். “வண்டிக்கு மாலிஷ் பண்ணி வுட்டிருக்கிய.”

அல்தாப் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அதீபாவே முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இளகிவிடும். இளகிய ரப்பர் இரும்புக் கையைப் பிடிக்காது. கை ஆடும், இடிக்கும், பிரேக் பிடித்தால் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகும். அல்தாப் கேட்ட சத்தம் அதுதான்.

“அப்ப சேஸி?” என்றாள்.

ஜெபசிங் ஸ்குரூ டிரைவரால் போல்ட் பிடிக்கும் இடங்களைச் சுரண்டினார், குத்தினார், சின்னச் சுத்தியலால் தட்டினார். மேல்துரு உதிர்ந்தது. அடியில் இரும்பு கணீரென்று பேசியது. அல்தாப் தானும் குனிந்து போய் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். வெளியே வந்தவன் சட்டை முதுகெல்லாம் கிரீஸ். “நல்லாத்தான் இருக்கு மைனி” என்றான்.

அங்கிருந்தவர்களில் பெரிய மூச்சை விட்டவன் அவன்தான். இதை நான் சேர்க்கவில்லை.

5

பிறகு பேரம். இந்தப் பகுதியைச் சுருக்கலாம் என்று நினைத்தேன். கதையில் அவர்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தது இங்கேதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.

முழு ஆர்மும் புதிதாகப் போட்டால் கை கடிக்கும். புஷ்ஷை மட்டும் வாங்கி, தென்காசி லேத்தில் கொடுத்துப் பழைய ஆர்மிலேயே அழுத்திக்கொள்ளலாம். பால் ஜாயின்ட் என்ற மூட்டைப் புதிதாகவே வாங்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் இடது ஒழுகுகிறது. பழைய சாமான் கடையில் பார்க்கட்டுமா என்று அல்தாப் கேட்டான்.

“அடுத்தவன் ஓட்டித் தேச்சத எதுக்குப் போடணும்? புதுசு, ஆனா விலை கொறஞ்ச கம்பெனி. ஸ்பிரிங் பழசே கெடக்கட்டும்” என்றார் ஜெபசிங்.

“இடது மட்டும்தான அண்ணாச்சி?” என்றாள் அதீபா. “வலது பக்கத்துக்கு நான் எண்ணெயே காட்டலயே.”

“ஒத்தக் கால்ல செருப்பும் ஒத்தக் கால்ல பூட்ஸும் போட்டா நடப்பிய?”

“காசு இல்லன்னா நடப்பேன்.”

கடைசியில் இரண்டு பக்கமும் மாற்ற ஒப்புக்கொண்டாள். காரைத் துடைத்துத் தருவதாக ஜெபசிங் சொன்னதற்கு, அந்த வேலையை நானே செய்கிறேன், அதையும் கூலியில் கழியுங்கள் என்றாள். கழித்தார்.

(இன்னொரு குறிப்பு. ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் நிற்கும்போது முழுக்க இறுக்கக் கூடாதாம். சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இதில் வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லக் கிடைக்கும் என்று தோன்றியது. அரை மணி நேரம் முயன்றேன். போல்ட்டைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது.)

6

முடிவுகள்.

அ. ஆரியங்காவு மலைப்பாதை வளைவில், இறக்கத்தில், பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் புதிய புஷ்— இல்லை. செய்த வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டது. கதைக்குச் சூடு வேண்டும் என்பதற்காக ஒருத்தியை மலையிலிருந்து தள்ள மாட்டேன்.

ஆ. கிதிர் முகம்மது சொல்லாமல் விமானமேறி வருகிறான். திருவனந்தபுரத்துக்கு அவளே கார் ஓட்டிப்போய் அழைத்து— டிக்கெட் விலை தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

இ. நடந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை எதுவும் இல்லை. போனேன். வேலை முடிந்து கார் தரையில் நின்றது. மூன்று மணிக்குச் செந்தில்வேல் வந்தார். வாங்க வந்தவர் வந்ததற்கு ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். அதீபா சாவியைக் கொடுக்காமல் தானே ஓட்டினாள், அவர் பக்கத்தில். இலஞ்சி வரை போய்த் திரும்பினார்கள். வழியில் எத்தனை வேகத்தடைகள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இறங்கியதும் செந்தில்வேல் டயரை ஒரு உதை உதைத்தார். “இரும்புக்குப் போவுத வண்டின்னுல்லா சொன்னிய. இது ஓடுத வண்டி. நல்ல வெலைக்கே எடுக்கேன்.”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். ரப்பர் என்று தெரிந்தால் கார் தங்கிவிடும் என்று மேலே உங்களை நம்ப வைத்திருந்தேன். செலவழித்துச் சரியாக்கியதால் இப்போது விற்க நல்ல காரணம் வந்துவிட்டது.

அல்தாப் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விலையைச் சொன்னான். பிறகு கிதிர் முகம்மதின் குரல்: “நல்ல ரேட்டுதான. குடுத்துருவோமா?”

அல்தாப் போனை மைனியிடம் நீட்டினான். அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் மூலைக்கு நடந்து போனாள். முதுகு மட்டும் தெரிந்தது. மழை தகரத்தில் பலமாக விழுந்தது. அவள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

அந்தப் பேச்சை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோபப்பட்டாள், ஒன்றில் கணக்குச் சொன்னாள், ஒன்றில் கெஞ்சினாள், ஒன்றில் அவன் ஊற்றச் சொன்ன எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான்கும் என் குரலில் இருந்தன. கிழித்துவிட்டேன். அவளுடைய வார்த்தைகளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விடுகிறேன்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

திரும்பி வந்து போனை அல்தாபிடம் கொடுத்தாள். அவன் காதில் வைத்துக் கேட்டான். “சரிண்ணே” என்றான்.

செந்தில்வேலுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் மாலை பஸ்ஸில் சிவகிரிக்குத் திரும்பினார். சனிக்கிழமை காலை கார் வாசுதேவநல்லூர் போய், மதியம் நைட்டிகளோடு தென்காசி வந்து சேர்ந்தது.