மூன்றாவது காம்பரா

"உங்க தொழில் என்ன?" என்று கேட்டாள் நிஷாந்தினி.

"போக்குவரத்து முகாமையாளர்" என்றான் அவள் கணவன் புவனேந்திரன், சுவரைப் பார்த்தபடி.

அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்பு வெடித்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளான லயத்துக் காம்பராக்களின் சுவர்கள் கூரை வரை எட்டுவதில்லை. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவின் அடுப்படி வரை கேட்கும்.

"யாரு தம்பி அந்த மேனேஜரு? நேத்து என்னைய ஆட்டோவுல ஏத்தி அப்புத்தளைக்குக் கூட்டிட்டுப் போனது வேற ஆளா?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா நல்லம்மா.

நிஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை அவுஸ்திரேலியாவிலிருந்து குடிவரவு அதிகாரி புவனேந்திரனுக்குத் தொலைபேசியில் பேசுவார். அங்கே முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கும் அவள், கணவனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். விடுமுறையில் வந்த நாளிலிருந்து கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அவனைப் பழக்குகிறாள். மற்றதெல்லாம் சரியாகத்தான் சொல்கிறான். தொழிலும் விலாசமும் வரும்போது மட்டும் இப்படி.

"எங்க குடியிருக்கீங்க?"

"அப்புத்தளை டவுன்ல."

"என்னங்க இது! விசா பாரத்துல ஆட்டோ ஓட்டுறார்னுதான் எழுதியிருக்கேன். லயத்து விலாசத்தைத்தான் குடுத்திருக்கேன். நீங்க வேற சொன்னா இது பொய்க் கல்யாணம்னு முடிவு பண்ணிருவாங்க. அப்புறம் நான் அங்கயும் நீங்க இங்கயும்தான். யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"பதுளையில ஒரு ஏஜென்ட்." அவன் குரல் இறங்கியது. "எனக்காக இல்ல நிஷா. நீ நர்ஸ். ஒரு ஆட்டோக்காரன்கிட்ட இவ என்னத்தக் கண்டான்னு அந்த ஆபிசர் நெனச்சா, கொறச்சல் உனக்குத்தானே?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் முகத்தைச் சுவரிலிருந்து தன் பக்கம் திருப்பினாள்.

"என்னத்தக் கண்டேன்னு நான் சொல்றேன், கேளுங்க."

கலியாணமான புதிதில் அவள் பதுளையில் வேலை செய்துகொண்டே வெளிநாட்டுக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தாள். விடியற்காலையில் அவன்தான் அவளை அப்புத்தளை ரயிலடிக்குக் கொண்டுபோய் விடுவான். ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு ஆங்கிலப் பாடத்தை ஓடவிட்டான். அவளை இறக்கிவிட்ட பிறகும் அது ஓடியது. மாலையில் அவளிடம் கேள்வி கேட்பதற்கு அவனுக்கும் பாடம் தெரிய வேண்டுமே! மரக்கறி மூட்டையோடு ஏறியவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் கூடவே கேட்டார்கள். ஸ்டாண்டில் அவனுக்கு 'டியூஷன் மாஸ்டர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு தடவ பெயிலானேன். 'போதும், விட்டுரு'ன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? மறுநாளே பாடத்த முதல்லருந்து போட்டீங்க. அந்த மனுசனத்தான் நான் கண்டேன். அவரு முகாமையாளர் இல்ல."

புவனேந்திரன் வாயைத் திறப்பதற்குள் நல்லம்மாவின் சுவர் பேசியது.

"'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?' எனக்கே மனப்பாடம்டி! ஒரு நாளாச்சும் ஒரு பாட்டுக் கேக்க விட்டானா இந்தப் பய?"

"அக்கா, உங்களுக்கும் ஒரு விசா எழுதிப் போடவா?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

"நான் போயிட்டா காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப தோட்டத்துத் தொரை யாரத் திட்டுவாரு? நீ போய் ஒழுங்கா பதில் சொல்லு, போ."

"சரி, மறுபடி கேக்குறேன்" என்றாள் நிஷாந்தினி. "உங்க தொழில் என்ன?"

"அவங்க கேக்கட்டும், சொல்லிக்கிறேன்" என்று எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

லயத்துக்கு மேலே, மாரியம்மன் கோயில் வளைவில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மறுநாள் காலை அவன் தேய்த்த சட்டையோடு அங்கே ஏறினான். நேர்காணலின்போது மனைவி பக்கத்தில் இருக்கக் கூடாது. அவள் வாசலிலேயே நின்றாள். வேலைக்குப் புறப்பட்ட நல்லம்மாவும் கூடையோடு அவளருகில் நின்றுவிட்டாள்.

மூடுபனிக்குள் அவன் உருவம் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்தியபடி தோள் குறுகி நின்றான். ஏதோ ஒரு கேள்விக்கு வெகுநேரம் தரையையே பார்த்தான். நிஷாந்தினி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவன் நிமிர்ந்தான். கையை நீட்டி லயத்தைக் காட்டினான். விரலால் ஒவ்வொரு கதவாக எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் அவள் நின்ற வாசலில் வந்து நின்றது. கடலுக்கு அப்பாலிருக்கும் அதிகாரிக்கு அவன் தன் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து அந்தக் கை காற்றில் ஒரு பிடியைப் பிடித்து முறுக்கியது.

"என்னடி இவன், போன்லயே ஆட்டோ ஓட்டுறான்?" என்றாள் நல்லம்மா.

"ஆமாக்கா." நிஷாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என் வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறவரு."