பக்கத்து இருக்கை

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும் சிசிலியா மறுபடியும் விமானம் ஓட்டப் போவதாகச் சொன்னாள். கணவன் மறுப்பான் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். கிறிஸ்துதாஸ் மறுக்கவில்லை. தட்டிலிருந்து நிமிர்ந்து, "வேற யாரும் வேண்டாம், நானே சொல்லித் தரேன்" என்றான்.

டில்லியில் ஒரே விமானப் பயிற்சி கிளப்பில் சேர்ந்தவர்கள் அவர்கள். தனியாகப் பறக்க முதலில் அனுமதி கிடைத்தது அவளுக்குத்தான். அவனுக்கு அது கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. பிறகு கல்யாணம், ஜனக்புரியில் வீடு, குழந்தை. அவள் பயிற்சியைப் பாதியில் விட்டாள். அவன் தொடர்ந்து பறந்து, அதே கிளப்பில் உதவிப் பயிற்சியாளன் ஆனான். விமானக் கம்பெனிகளின் நேர்முகத் தேர்வுக்கு ஒவ்வொரு முறையும் போய் வெறுங்கையோடு திரும்பினான்.

இடைவெளி விட்டவர்கள் பயிற்சியாளரோடு சில நாள் பறந்து, பிறகு தலைமைப் பயிற்சியாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். கிளப்பின் இன்னொரு பயிற்சியாளர் அந்தச் சமயம் வேலையை விட்டுப் போயிருந்தார். அதனால் புருஷனே சொல்லித் தருவதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஏஷியாட் விளையாட்டுப் பந்தயங்களுக்காக ஊரெங்கும் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. விடியற்காலையில் குழந்தையைத் தன் அம்மா அக்னஸிடம் விட்டுவிட்டு, புழுதிச் சாலைகளில் அவனோடு அவனுடைய ஸ்கூட்டரில் போவாள். புஷ்பக் சின்ன விமானம். இருவரும் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கைக்கு ஸ்டிக், இரண்டு பக்கமும் காலுக்குப் பெடல். ஒருவர் அசைத்தால் மற்றவருடையதும் சேர்ந்து அசையும். வால் சக்கரத்தில் நிற்கும் விமானம் என்பதால் தரை தொட்டதும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். காலால் பெடலை மிதித்து அதை அடக்குவதுதான் கஷ்டம்.

முதல் நாளே அவளுக்கு அது வந்துவிட்டது. மூக்கு திரும்பப் பார்ப்பதற்குள் பெடல் சரியான அளவுக்கு உள்ளே போயிருந்தது. கால் இதையெல்லாம் மறக்கவே இல்லை என்று அவள் பூரித்துப் போனாள். ஒருமுறை சந்தேகம் வந்து, அவன் கால் வைத்திருக்கிறானா என்று கேட்டாள். தன் கால் கீழே தரையில் இருப்பதாகச் சொன்னான்.

இடைவெளிக்குப் பிறகு ரேடியோதான் அவளுக்குப் பயம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வேகமாக வரும் ஆங்கிலத்தைக் காதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவள் குரல் தெளிவாக இருப்பதாகக் கோபுரத்தில் இருப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவள் வாய் திறப்பதற்குள் கிறிஸ்துதாஸ் மைக்கை எடுத்துப் பதில் சொல்லிவிடுவான். முதலில் கை பழகட்டும், ரேடியோவை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பான். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவன் கோபுரம் போலப் பேசுவான். நிறுத்தி நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி. அவள் பதில் சொன்னதும் மெச்சிக்கொள்வான். அந்த நாட்களில் இத்தனை நல்ல புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

தலைமைப் பயிற்சியாளர் பாலசுப்ரமணியம் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். சோதனையன்று காலை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். காற்று பக்கவாட்டில் அடித்தது. இறங்க வரும்போது கோபுரம் ஒரே மூச்சில் ஏதோ சொன்னது. அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லக் கேட்டாள். மறுபடியும் புரியவில்லை. அவர் மைக்கைப் பிடுங்கிப் பதில் சொன்னார்.

சக்கரம் தரையைத் தொட்டது. மூக்கு வலப்பக்கம் திரும்பியது. அவள் எப்போதும் போல இடது பெடலை லேசாகத் தொட்டாள். பெடல் அவள் காலுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. இத்தனை நாளும் தன் காலுக்கு முன்னாலேயே அது உள்ளே போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முழுப் பலத்தோடு மிதிப்பதற்குள் விமானம் ஒரு சுற்றுச் சுற்றி இடது இறக்கையைப் புல்லில் குத்தி நின்றது. அவள் உதடு கிழிந்திருந்தது. பாலசுப்ரமணியம் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார்.

சாயங்காலம் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸிடம் கேட்டாள்.

"கால் வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தேன்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும்தான்." அவன் குழந்தையின் வாயைத் துடைத்தான். "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா ஆயுசு முழுக்க என்னைச் சொல்லிக் காட்டியிருப்ப. இப்ப யாரைச் சொல்லுவ, சிசி?"

குரலை அவன் உயர்த்தவே இல்லை. குழந்தை அடுத்த வாய்க்காக அவன் கையைப் பிடித்து இழுத்தது.

மறுநாள் அவள் பஸ் பிடித்துத் தனியாகக் கிளப்புக்குப் போனாள். பாலசுப்ரமணியத்திடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"பக்கத்துல இருக்கிறவன் கால் பெடல்ல இருந்தது உனக்குத் தெரியலையா?"

"தெரியல சார்."

"தெரிஞ்சிருந்தா இப்ப பொய் சொல்ற. தெரியலைன்னா நீ விமானம் ஓட்டத் தகுதியில்லை. எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்மா."

அடுத்து வரும் பயிற்சியாளரோடு இன்னும் ஒரு வாய்ப்புக் கேட்டாள். கிறிஸ்துதாஸ் மனைவி மேல் உள்ள பாசத்தால் அவசரப்பட்டு அவளைச் சோதனைக்கு அனுப்பிவிட்டதாகவும், அதற்காகத் தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டதாகவும் அவர் சொன்னார். அப்படிப்பட்டவனைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்கிக்கொள்ளும்படியும் சொன்னார். அவள் பெயர் கிளப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

அக்னஸ் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், டியூட்டி முடிந்து வந்த சீருடையோடு உட்கார்ந்து மகள் சொன்னதைக் கேட்டாள்.

"நம்புதேன்டி" என்றாள். "நம்பி என்ன செய்ய? அடிக்கல, குடிக்கல. நான் யாருட்ட போய் என்னன்னு சொல்ல?"

சிசிலியா குழந்தையோடு அன்று மாலைவரை அங்கேயே இருந்தாள். அக்னஸே கிறிஸ்துதாஸுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அவன் ஸ்கூட்டரில் வந்து, மாமியார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனான்.

அடுத்த வருடம் அவனுக்கு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வீட்டாருக்கும் சேர்த்துச் சலுகை விமான டிக்கெட் வந்தது. சிசிலியா அதை வாங்க மறுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாள். பெட்டிக்குள் குளிர் தாங்கவில்லை. வழியெல்லாம் குழந்தை அப்பா எங்கே என்று கேட்டு அழுதது. சென்ட்ரலில் ரயில் நின்றபோது, முன்தினமே பறந்து வந்துவிட்ட கிறிஸ்துதாஸ் பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். குழந்தை அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அவனிடம் ஓடியது.