இருபத்தொன்பது அங்குலம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்துத் தொடங்கவில்லை, இடித்துத் தொடங்கினேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தியலும் உளியுமாக என் வீட்டுச் சமையல் மேடையை உடைத்தேன்.

(வேறொரு தொடக்கமும் இருந்தது: "தூசி மிதக்கும் வெளிச்சத்தில் ஒரு மனிதன்..." வேண்டாம். தூசி எனக்குத் தும்மலைத்தான் கொடுத்தது.)

2

என் அக்கா மாடிப்படியில் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்து ஒரு வருஷம். வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். உட்கார்ந்தபடி அவள் சமைக்க, மேடை இருபத்தொன்பது அங்குல உயரம் இருந்தால் போதும்; கீழே முழங்கால் நுழைய இடம் வேண்டும். அலமாரிகளைப் பிடுங்கினேன். செங்கல் வைத்தேன். குழாயை இறக்கினேன். மூன்று வாரம். சிங்க் ஓரத்தில் நான்கு டைல்ஸ் கோணல்.

ஹார்டுவேர் கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், இவ்ளோ தாழ்வா வெச்சா உங்க இடுப்பு போயிடும்."

"எனக்கில்லீங்க. எங்க அக்கா வர்றாங்க."

அதை இன்னொரு முறை சொல்வதற்காகவே தேவையில்லாமல் ஆணி வாங்கப் போனேன்.

3

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. அக்காவுக்காக உருகும் தம்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வாரத்தில் அவன் ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லையே, ஏன்? வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று பய—

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.)

4

பூச்சு காய்ந்ததும் போன் செய்தேன்.

"அக்கா, சமையலறை ரெடி. எப்ப கிளம்பி வர்ற?"

"எங்கடா?"

"இங்கதான். இனிமே என்கூடவே இருந்துடு."



"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? சாயங்காலமானா டியூஷனுக்குப் பதினாலு பிள்ளைங்க வருது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா தினம் வந்து ஒரு மணி நேரம் வாயடிச்சுட்டுப் போறாங்க. எனக்கு இங்க ஆள் இருக்கு. உனக்குத்தான்டா யாருமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

"நீ இங்க வந்துடேன்," என்றாள். "முன் ரூம் சும்மாத்தான் கிடக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

5

முடிவு அ: அக்கா மனம் மாறி வந்து சேர்கிறாள். எழுதினேன், கிழித்தேன். அவள் அந்த ரகமில்லை.

முடிவு ஆ: நான் மேடையை மறுபடி உயர்த்துகிறேன். இதில் நானும் செங்கல்லும் மட்டும்தான். பேச ஆளில்லாத கதையை எவ்வளவு தூரம் இழுப்பது?

நடந்தது இவ்வளவுதான்: ஒன்பது நாளாக ஸ்டூலில் உட்கார்ந்து சமைக்கிறேன். இன்று காலை போனில் "வர்றேன்க்கா" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

போன் இங்கேதான் கிடக்கிறது. அனுப்புவதோ அழிப்பதோ, நீங்களே பார்த்துச் செய்யுங்கள். நான் போய்க் குளித்துவிட்டு வருகிறேன்.