இரண்டு கழித்தல் குறிகள்

அவள் வாசிக்க, கணவர் எழுதிக்கொண்டிருந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை, மடியில் பலகை, பலகை மேல் தாள். காலையில் தெருவில் மட்டம் பார்க்கும் லெவல் மிஷினை நிறுத்தி அவள் குறித்துவந்த அளவுகள், சாயங்காலம் அவர் கையில்தான் மட்டங்களாக மாறும்.

"அடுத்தது?"

"ஒண்ணு நாப்பத்திரண்டு."

"மிச்சத்தை யாரு முழுங்கினா?"

"ஒண்ணு, நானூத்தி இருபது."

"அப்படிச் சொல்லு. உங்கக்கா வீட்டுக் குளியலறையில தண்ணி ஏன் நிக்குது? இப்படி முழுங்கித்தான்."

"எங்கக்காவை இழுக்கலேன்னா உங்களுக்குக் கணக்கு வராதே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தையல் மிஷினைத் தவிர வேறு மிஷினைத் தொட்டறியாதவள் அவள். அவர் படுத்த பிறகு, கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு அவருக்குப் பதிலாகப் போக ஆரம்பித்தாள். அளவை எடுத்துவந்து கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு ஒருநாள் இன்ஜினியர், ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "கணக்கும் நீங்களே போட்டுட்டா வேலை உங்க பேருக்கே மாறிடும்மா. இல்லேன்னா, அவருக்கு அப்புறம்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அடுப்படியில், பேருந்தில், மருத்துவமனை வரிசையில் எல்லாம் கூட்டலும் கழித்தலுமாக முட்டி மோதிக் கற்றுக்கொண்டிருந்தாள். வேறு வருமானம் அந்த வீட்டுக்கு இல்லை.

"அடுத்தது சுரங்கப்பாதை" என்றாள்.

தண்டவாளத்துக்கு அடியில் போகும் அந்தப் பாதை முழுக்கச் சேறு. மிஷின் வழியாகப் பார்த்துப் படிக்கும் அளவுகோலை நிறுத்த உறுதியான இடம் கிடையாது. அதனால் தலைக்கு மேலே, உத்தரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, கோலைத் தலைகீழாகத் திருப்பி அந்தப் புள்ளியில் முட்டக் கொடுத்து, பாதைக்கு இந்தப் பக்கமிருந்து ஒருமுறையும் அந்தப் பக்கமிருந்து ஒருமுறையும் பார்த்திருந்தாள். அப்படி எடுத்த அளவுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். "கோலு தலைகீழா நின்னா கணக்கும் தலைகீழா நிக்கணும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"மைனஸ் ஒண்ணு, முந்நூத்திப் பத்து. அந்தப் பக்கமிருந்து, மைனஸ் ஒண்ணு, இருநூறு."

அவர் இரண்டையும் எழுதினார். குறியை இரண்டுக்கும் போடவில்லை. பிறகு போடுவார் என்று அவள் காத்திருந்தாள். பேனா கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. பாதைக்கு அந்தப் பக்கத்து மட்டங்கள் எல்லாம் ஒரு சாண் தாழ்ந்து விழுந்தன. கடைசியில் வழக்கப்படி சரிபார்த்தார். மேலே கூட்டியதும் கீழே கழித்ததும் ஒன்றாக வந்தன.

"பாத்தியா, ஒரு மயிரிழை வித்தியாசமில்ல."

வித்தியாசம் வராதுதான். அந்தச் சரிபார்ப்புக்குக் கூட்டல் கழித்தல் மட்டும்தான் தெரியும். கோல் எப்படி நின்றது என்று தெரியாது. டாக்டர் காட்டிய படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எதையும் அவள் முழுதாக நம்பியிருக்கவில்லை. எழுதாமல் போன இந்த இரண்டு சிறு கோடுகளை நம்பினாள்.

"சரியா வருதுங்க" என்றாள். அவர் தூங்கிய பிறகு வேறு தாளில் போட்டு அதை இன்ஜினியரிடம் கொடுத்துவிடலாம்.

"கொஞ்சம் சுடுதண்ணி கொண்டுவா."

தண்ணீரைச் சுடவைத்து, ஆற்றி, பதம் பார்த்து எடுத்துவந்தாள். பலகை மடியிலேயே இருந்தது. பேனா மட்டும் கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முதலில் அதைக் குனிந்து எடுத்தாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் போயின. அவருடைய அண்ணன் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்துக்கொண்டார். அழுவது, ஆள் அனுப்புவது, வண்டிக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் அவரே. அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வரவில்லை. வரவில்லை என்பதைப் பெண்கள் சிலர் கவனித்தார்கள்.

இன்ஜினியர் வந்து கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால், கோல் பிடிப்பவர். தெருவில் வேலை செய்யும் எல்லாருக்கும் அவர் நெட்டை. இன்ஜினியர் கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் சுவரைப் பார்த்தார். மூத்தவருக்கு அது புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"இதைத்தானே தேடுறீங்க? உயிர் போற நேரத்துலயும் உங்க வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கான் என் தம்பி. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, பாருங்க."

கட்டில் பக்கமிருந்து அதை அவர் எப்போது எடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. இன்ஜினியர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓரமாக நகர்ந்து போனை எடுத்தார்.

"குழி தோண்டுற மிஷின் நிக்குதா? சரி, எழுதிக்க. சுரங்கப்பாதை தாண்டி முதல் குழி..."

தரை தாழ்ந்ததாகக் கணக்கில் வந்ததால் குழியின் ஆழம் குறைந்திருக்கும்; அந்த ஆழத்தில் தோண்டினால் அந்தப் பக்கத்துக் குழாய் ஒரு சாண் மேலே உட்காரும். தெருவின் அழுக்கெல்லாம் போகிற வழி தெரியாமல் வீடுகளுக்கே திரும்பும். நான் வாசித்துச் சொன்னதில் தப்பு என்று சொல்லிவிடலாம். அவர் பெயர் அப்படியே நிற்கும். ஆனால் அளவைத் தப்பாக வாசிப்பவள் கையில் லெவல் மிஷினை யார் கொடுப்பார்கள்?

"சார், நிறுத்துங்க" என்றாள். "அதுல தப்பு இருக்கு."

இன்ஜினியர் போனைக் காதிலிருந்து விலக்கினார்.

"என்ன தப்பு?" என்றார் மூத்தவர்.

"தலைகீழா பிடிச்ச கோலுக்கு மைனஸ் போடணும். ரெண்டு இடத்துல அவர் போடலை."

இன்ஜினியர் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார். "கூட்டிப் பாத்தா சரியா வருதேம்மா."

"வரும் சார். தப்பைச் சரியாக் கூட்டியிருக்காரு."

"இவ நேத்துக் கத்துக்கிட்டவ" என்றார் மூத்தவர். "அவன் இருபது வருஷமா இதுல ஊறினவன். அவன் வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டான்ங்கிற தைரியமா உனக்கு?"

"இல்லங்க அத்தான். அவர் இருந்தா அவரே அடிச்சுத் திருத்தியிருப்பாரு."

"நீதான் அளவைத் தப்பா சொல்லியிருப்ப."

"சரியாத்தான் சொன்னேன். அவருக்கு விட்டுப்போச்சு."

நெட்டை வாசற்படியிலிருந்து தொண்டையைச் செருமினார். "தலைகீழாத்தான் சார் பிடிச்சேன். அண்ணாந்து பிடிச்சதுல கழுத்து இன்னும் திரும்பல."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். இன்ஜினியர் போனில் "கொஞ்சம் இரு" என்று சொல்லி, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் தாளுக்குக் கை நீட்டினாள்.

"இதுல கிறுக்காதே" என்று மூத்தவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "அவன் கையெழுத்து இது."

அளவுகள் அவளுக்கு மனப்பாடம். ஜன்னலில் கிடந்த காலி மருந்து டப்பாவைப் பிரித்து விரித்தாள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை முழங்கால் மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். அவருடைய கால் விரல்கள் முழங்கையில் பட, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"புருஷன் கிடக்கிறான், இவ கணக்குப் போடுறா" என்று ஒரு குரல் கேட்டது. மெதுவாகச் சொன்னதாகத்தான் சொன்னவள் நினைத்திருப்பாள்.

சுரங்கப்பாதை வந்ததும் ஒரு கோடு போட்டாள். அடுத்த வரியில் இன்னொன்று. அதற்கப்புறம் வழி நேர்தான். இன்ஜினியர் குனிந்து ஒவ்வொரு வரியாகத் தன் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் அட்டையை வாங்கினார். தெருவுக்குப் போய், அங்கிருந்து எண்களைச் சத்தமாகப் படித்தார். எல்லாம் அவளுடைய எண்கள்.

திரும்பி வந்தவர், "திங்கக்கிழமை அடுத்த தெரு" என்றார். "முடியுமாம்மா?"

"வரேன் சார்."

வண்டி வந்தது. மூத்தவர் தலைமாட்டைப் பிடித்தார். அவளிடம் அதன் பிறகு அவர் பேசவில்லை; அன்றைக்கு மட்டும் இல்லை.

திங்கட்கிழமை அடுத்த தெருவின் முனையில், பள்ளிக்கூடத்து மதிலோரக் கல்லில் யாரோ சைக்கிளைச் சாய்த்திருந்தார்கள். அந்த வட்டாரத்து மட்டங்கள் எல்லாம் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். நெட்டை சைக்கிளைத் தூக்கி நகர்த்திவிட்டு, கல்லின் தலையைக் கையால் துடைத்து, கோலை நிறுத்தினார்.

"கல்லோட மட்டம் எவ்வளவும்மா?"

"நூறு" என்று சொல்லிக்கொண்டே முதல் வரியில் எழுதினாள்.