பூவாயியின் கூடை

கான்ஸ்டபிள் சத்யப்பிரியா காலையிலேயே வைத்திக்குப்பத்து மீனவர் தெரு முனையில் போட்ட தடுப்பில் வந்து நின்றுவிட்டாள். கடல் வழியாகத் தீவிரவாதிகள் வந்தால் எப்படிப் பிடிப்பது என்று போலீஸ் ஒத்திகை பார்க்கும் நாள் அது. தீவிரவாதிகளும் போலீஸ்காரர்கள்தான். அவர்கள் கொண்டுவரும் பொம்மை வெடிகுண்டு வைத்திக்குப்பத்தைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போய்விடக் கூடாது. போன தடவை ஜம்மென்று போய்விட்டது.

"இந்தத் தடவையும் வுட்டே, உனக்கு ஏனாமுக்கு டிரான்ஸ்பர்தான். தெலுங்கு கத்துக்க. உள்ளூர்ப் பொண்ணு, நீ சொந்தக்காரங்கள செக் பண்ண மாட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர் புருஷோத்தமன்.

எல்லாரும் சொன்னது பொய்யில்லை. குப்பத்தில் அத்தை இல்லையென்றால் சித்தி. யார் கூடையில் கை வைப்பது?

தடுப்புக்கு முதலில் வந்து சேர்ந்தவள் அவளைப் பெற்ற பூவாயியேதான். தலையில் மீன் கூடை, வாயில் வெற்றிலை.

"கூடைய எறக்கும்மா. செக் பண்ணணும்."

பூவாயிக்கு வந்ததே கோபம்! "இன்னாடி? பெத்தவ கூடையிலயே கைய வெக்கிறியா? உன்னப் படிக்க வெச்சதே இந்தக் கூடதான்டி!"

பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சத்யப்பிரியாவுக்கு அவமானமாக இருந்தது. பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அம்மாவை விட்டுவிட்டு அடுத்தவளை எந்த முகத்தோடு நிறுத்துவது?

கூடையை அவளே இறக்கினாள். சங்கரா மீனை விலக்கினாள். அடியில் பாலித்தீன் சுற்றிய ஒரு டப்பா, சிவப்பு ஒயர், 'ஒத்திகை' என்று ஒட்டிய சீட்டு.

அதற்குள் புத்தம்புது லுங்கி கட்டிய இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். தீவிரவாதிகள்! மீனவர் வேஷத்தில் படகை விட்டு இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டு, ஏலம் போட்டு, மீனை அதற்குள் ஒளித்த குண்டோடு அள்ளித் தங்கள் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம்.

"வேணாம்னு சொல்லவே வுடல மேடம்" என்றார் ஒருவர் பாவமாக.

ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பியே கழன்று விழுந்தது. "போம்மா, உனக்கு ஏனாம் கேன்சல்!"

சந்தோஷத்தில் சத்யப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பூவாயி மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நெசக் குண்டா இருந்தா?"

"நீயே மார்க்கெட் வரைக்கும் சொமந்துகினு போயிருப்பம்மா."

பூவாயி வெற்றிலையைத் துப்பினாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா சிரிப்பு? எல்லாரும் கூடைய எறக்குங்கடி! எம்மவ பாக்கணும்."