டெல்ஃபின் பாடிய ஒரே தட்டு

கிட்டார் மட்டும் தனியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது, டிரம் நின்றுவிட்டது, ஊசி இசைத்தட்டின் நடுப்பகுதியை நெருங்குகிறது, இதோ இப்போது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அதுவரை ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்த பெண்குரல் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, இரு, இன்னும் முடியல, என்று தமிழில் சொல்கிறது, சொன்ன வேகத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பி, விளக்கை அணைத்துவிடாதே என்று எவனையோ மறுபடி கெஞ்சத் தொடங்குகிறது. முதல்முறை கேட்டபோது பயந்துபோய் ஊசியைத் தூக்கிவிட்டேன், யாரோ என் அறைக்குள் வந்து பேசிவிட்டது போலிருந்தது, பிறகு அதே இடத்தை எத்தனை முறை போட்டுக் கேட்டிருப்பேன் என்று தெரியாது, யாரிடம் சொல்கிறாள், எது இன்னும் முடியவில்லை, இந்தக் குரலுக்கு என்ன முகம், கறுப்பா, ஒல்லியா, பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாளா, சமைக்கும்போதும் கல்லூரியில் தாவரவியல் நடத்தும்போதும் கேள்விகள் வந்து நிற்கும், இலையின் குறுக்குவெட்டைப் பலகையில் வரைந்துகொண்டே, இரு, இன்னும் முடியல, என்று மாணவிகளிடம் அவள் குரலிலேயே ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

சோல் இசைப் பைத்தியம் எனக்கு விடுதி நாட்களில் பிடித்தது, பக்கத்து அறை மிசோரம் பெண்ணிடம் ஒரு கேசட் இருந்தது, அமெரிக்காவின் கறுப்பினத்தவர் கோயிலில் அழுத அழுகையை அப்படியே எடுத்துவந்து காதலன்முன் வைத்த மாதிரியான பாட்டுகள், எனக்கு வார்த்தை பாதி புரியவில்லை, அழுகை முழுதாகப் புரிந்தது. பிறகு தட்டுகளைத் தேட ஆரம்பித்தேன், தட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர்களையும், ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டுக் காணாமல் போனவர்கள்தான் என்னை இழுத்தார்கள், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார், ஒருத்தி முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாள் என்றெல்லாம் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்து எழுதுவார்கள், வாசிக்கும்போது பொறாமையாக இருக்கும். சென்னையில் பழைய தட்டு விற்கும் தஸ்தகீர் பாய்க்கு என் கிறுக்கு தெரியும், பெங்களூரிலிருந்து நான் வரும்போதெல்லாம் தனியாக எடுத்து வைத்திருப்பார், அன்றைக்கும் அப்படித்தான் ஒரு சின்னத் தட்டை நீட்டினார், இது நம்ம ஊர்ல அடிச்ச தட்டுதாம்மா, ஆனா பாட்டு உங்க கறுப்பாளுங்க பாட்டு மாதிரியே கீது, போட்டுப் பாத்துட்டு எனக்கும் சொல்லு, என்றார். பழுப்பேறிய லேபிளில் ‘டெல்ஃபினும் சைரன்ஸும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது, வேறு பெயர் இல்லை, வருடம் இல்லை, உலகத்தில் இன்னொரு பிரதி இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

அந்த நாட்களில் கனவில் வருவாள், ஒவ்வொரு முறையும் வேறு முகம், ஒருமுறை என் சின்ன வயது டீச்சர், ஒருமுறை பேருந்தில் பூ வைத்துக்கொண்டு தூங்கும் யாரோ, வாய் மட்டும் அசையும், சத்தம் வேறெங்கோ சுவருக்குப் பின்னாலிருந்து வரும், நான் சுவரைத் தடவிக்கொண்டே போவேன், விழித்தால் உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பாட்டின் ஒரு துண்டை இணையத்தில் போட்டேன், லண்டனில் சின்னத் தட்டுக் கம்பெனி நடத்தும் ஒருவர் உடனே எழுதினார், பாடகியைக் கண்டுபிடி, சம்மதம் வாங்கிக் கொடு, உலகம் முழுக்கக் கேட்கும்படி மறுபடி அச்சடிக்கிறேன் என்று, என் பெயரும் அதில் வரும் என்று. அதன்பின் நெடுநாள் ஒன்றுமில்லை, ஒரு விடியற்காலை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் எழுதியிருந்தார், இந்தப் பாட்டுக்கு நான் ஆடியிருக்கிறேன், கோலார் தங்கவயலில், கிறிஸ்துமஸ் நடனத்தில், சுரங்க ஷிஃப்டுக்கு ஊதும் சங்குதான் பெயரில் வரும் அந்த சைரன், கிட்டார் வாசித்தவன் ஜெரோம், சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை பார்த்தவரின் மகன், பாடியது அவன் தங்கை, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், அதற்குமேல் தெரியாது.

தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், தூரத்தில் சயனைடு மண்மேடுகள் வெளுத்துப்போய்த் தெரிகின்றன, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குவித்துவைத்த மலைகள், சுரங்கம் மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஊரில் பாதிப்பேர் நான் வரும் இதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். டெல்ஃபினையா கேக்குற, அது நர்ஸ் வேலைக்கு குவைத் போச்சே, என்றார் டீக்கடையில் ஒருவர், குவைத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, அண்ணன்காரன் செத்த துக்கத்துலயே போய்ச் சேந்துடுச்சு, என்றார் பக்கத்திலிருந்தவர், கடைசியில் மாதாகோயில் வாசலில் மெழுகுவத்தி விற்ற அம்மாள்தான் குரலைத் தாழ்த்தி, ஜெரோம் தங்கச்சியத்தான கேக்குற, அது பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிடுச்சும்மா, இப்ப பாஸ்டரம்மா, பேரும் வேற, ஆனா அங்க போய் இந்தப் பேச்சு பேசிடாத, சினிமாப் பாட்டு முணுமுணுத்தாலே பாவம்னு சொல்றவங்கோ, என்றாள்.

ஞாயிறு காலை அந்தச் சபையின் கடைசி நாற்காலியில் இருக்கிறேன், சிமெண்ட் ஷீட் கூரை, மின்விசிறிச் சத்தம், பாஸ்டர் எப்பிராயீம் உயரமாக, மெலிந்து, சட்டைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு ஜெபிக்கிறார், அவருக்குப் பக்கத்தில் வெள்ளைப் புடவையில், காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல், எழுபதைத் தாண்டிய ஒரு பெண் எழுந்து ஆராதனைப் பாட்டைத் தொடங்குகிறார். தமிழ்ப் பாட்டு, தெரிந்த ராகம், நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அடியின் முடிவில் குரலை மேலே தூக்கி, துணி கிழிவது போல ஓர் இடத்தில் கிழித்து, கிழிந்ததையே தடவிக்கொடுத்துக் கீழே இறக்கினார், வயதும் பாஷையும் வேறு, தட்டில் கேட்ட கிழிசல் அதுவேதான். இத்தனை நாளும் எனக்குள் டெல்ஃபின் ‘அவள்’, என்னைவிட இளையவள், இந்தப் பாஸ்டரம்மாவோ ‘அவர்’, என் தாய் வயது, இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் தடுமாறிக்கொண்டே ஆராதனை முடிந்ததும் அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். டெல்ஃபின்னு யாரும் இங்க இல்லம்மா, எம் பேரு தெபோராள், என்றார். ஒரு தட்டில் ஒரு பெண், இரு, இன்னும் முடியல, என்று சொல்கிறாள் அம்மா, அவரைத்தான் தேடுகிறேன், என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை இறுகியது, கண் ஒரு கணம் கணவர் நின்ற பக்கம் போய் வந்தது, சாப்ட்டுட்டுப் போங்க சிஸ்டர், தூரத்துலருந்து வந்திருக்கீங்க, என்று மட்டும் சொன்னார். நான் சாப்பிட்டேன், என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன், அவர் வாங்கிப் பார்க்காமலே பைபிளுக்குள் வைத்தார், ரயிலில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது, ஒரு மனுஷியின் மூடிய கதவை ஆவலின் பேரால் போய்த் தட்டிவிட்டு வந்திருக்கிறேன், ஆனாலும் அந்தக் கை இறுகியதையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஆவல் அடங்கவில்லை, கூடிவிட்டது.

லண்டன்காரருக்குக் கிடைக்கவில்லை என்று எழுத நினைத்து எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், ஆய்வகத்தில் இருக்கும்போது போன் வந்தது, சபைக்காரர்கள் வணக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திரம் இல்லை, யாரென்று சொல்லவில்லை, அந்தத் தட்டுல எங்க அண்ணன் பேசுறானா, என்றது குரல். இல்லை அம்மா, நீங்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள், என்றேன். நான் சொன்னது அவன்கிட்டதான், என்றார். வூட்ல வேணாம், சபைலயும் வேணாம், வேற எங்கனா கேக்க முடியுமா, என்றார்.

அதனால் மண்மேட்டுப் பக்கம் காரை நிறுத்தி, பேட்டரியில் ஓடும், தட்டு போடும் சின்னப் பெட்டியை மடியில் சமமாக வைத்துக்கொண்டு நானும், பக்கத்தில் முந்தானையைத் தோளோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரும், பட்டப்பகல், வெளியே ஆடு மேய்கிறது. ஊசி வைக்குமுன் அவராகவே சொன்னார், பாட்டு ஜெரோம் கட்டுனது, மெட்ராஸ்ல ஒரு ஸ்டுடியோ, எங்களுக்குக் குடுத்த நேரம் முடிஞ்சிபோச்சு, முடிச்சுக்கலாம்னு அண்ணன் கையத் தூக்குனான், எனக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்குன்னு இருந்துச்சு, அதான் அப்டி கத்துனேன், திருப்பி எடுக்க நேரம் இல்ல, அப்டியே வுட்டுட்டாங்கோ. தட்டு ஊருக்கு வந்து சேர்வதற்குள் ஜெரோமுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, சபைக்காரர்கள் வந்து இரவும் பகலும் ஜெபித்தார்கள், அண்ணன் பிழைத்தால் இனி இந்த மேடைப் பாட்டை விட்டுவிடுகிறேன் என்று இவர் வேண்டிக்கொண்டார், அவன் பிழைக்கவில்லை, இவர் விட்டுவிட்டார், வந்த தட்டுகளைப் பிரிக்காமலே இவருடைய அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். வேண்டியது நடக்கவில்லையே, பிறகு ஏன் விட்டீர்கள், என்று கேட்டேன். நடக்கலன்னா என்ன, சொன்ன வார்த்த சொன்னதுதானே, என்றார்.

ஊசியை வைத்தேன். தன் பத்தொன்பது வயதுக் குரல் தொடங்கியதும் அவர் முகம் அசையவில்லை, வேறு யாரோ பாடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார், கிட்டார் தனியாக இறங்கும்போது மட்டும் விரல்கள் புடவையில் எதையோ எண்ணின, இரு, இன்னும் முடியல, வந்தது, உடனே என் மணிக்கட்டைப் பிடித்து, நிறுத்து, என்றார், கேட்டியா. என்ன அம்மா, என்றேன். சிரிக்கிறான், என்றார். நான் ஊசியைக் கொஞ்சம் பின்னால் வைத்துப் போட்டேன், இத்தனை வருடமும் தட்டின் கீறல் என்று நினைத்திருந்த ஒன்று, இரண்டு குட்டிச் சத்தம், மூக்கு வழியாக வெளியே வரும் மூச்சு, ஐயோ அது சிரிப்புதான், தங்கை அதட்டியதும் கையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி வாசிக்கும் அண்ணனின் சிரிப்பு, நூறு முறை கேட்டும் எனக்குக் காது இருந்ததே தவிர அவனைத் தெரியாதே. இன்னொரு வாட்டி, என்றார், இன்னொரு வாட்டி, அவர் அழவில்லை, நான்தான் அழுதேன், பிறகு, முழுசா வுடு, என்று சாய்ந்துகொண்டு கடைசிவரை கேட்டார், முடிந்ததும் நெற்றியைச் சுருக்கி, அந்தப் பாக்கிச் சரணத்துல நான் அவசரப்பட்டுட்டேன், மூச்சு எடுக்காம பாடியிருக்கேன் பாரு, என்றார், அந்தக் கணத்தில் என் பக்கத்தில் டெல்ஃபின் உட்கார்ந்திருந்தாள். லண்டன் விஷயத்தைச் சொன்னேன், வேண்டாம் என்று தலையசைத்தார், பாஸ்டருக்கு இந்தப் பாட்டுப் பொழப்பே தெரியாதும்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நான் கோயில் கொயர்ல பாடுனேன்னு மட்டும்தான் தெரியும், சபைல தல குனிய வேண்டியதாயிடும், அவர் மனசு தாங்காது, என்றார். சரி அம்மா, என்றேன், உண்மையாகவே அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒரு சேகரிப்புதான் என்று நினைத்துக்கொண்டே ஓட்டி வந்தேன்.

மழைக்காலம் வந்தபின் ஒருநாள் போனில் ஆண்குரல், சிஸ்டர், நான் பாஸ்டர் எப்பிராயீம் பேசுறேன், என்றதும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை, இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்கம்மா, சொல்லிட்டு அழுறாங்க, அந்தத் தட்ட எடுத்துக்கினு வர முடியுமா, நானும் கேக்கணும், என்றார். போனேன். சின்ன வரவேற்பறை, பைபிள் வசனக் காலண்டர், தெபோராள் அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே இருந்தார், உட்காரவில்லை, பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார், கிளப் ஹால்ல டான்ஸ் நடக்கும், உள்ள போக நமக்கு அனுமதி ஏது, வெளியில சைக்கிளப் புடிச்சிக்கினு நின்னு கேப்பேன், இவங்க பாடுறதக் கேக்கத்தான் நிப்பேன், இவங்க அண்ணன் முடியாம கெடந்தப்ப ஜெபிக்க வந்தேனே, அப்பவே இவங்க யாருன்னு எனக்குத் தெரியும், இவங்களே சொல்லட்டும்னு இருந்தேன், சொல்லல, சொல்ல இஷ்டமில்லன்னு நானும் கேக்கல. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார், இத்தினி வருசமாவா, என்றார். இத்தினி வருசமாத்தான், என்றார் அவர், ஆராதனைல நீ அந்த எடத்துல குரல உடைப்ப பாரு, அப்பல்லாம் எனக்குச் சைக்கிள் ஞாபகந்தான் வரும், கர்த்தர் மன்னிக்கணும்.

குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது. அம்மா வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார், என்னைப் பார்த்து, அந்த லண்டன்காரன் தட்டு போட்டா எங்க அண்ணன் பேரையும் போடுவானா, கேட்டுச் சொல்லு, என்றார். பெட்டியை ஸ்டூலில் வைத்தேன், பக்கத்து வீடு இரண்டும் சபைக்காரர்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், ஜன்னலைச் சாத்தட்டுமா அம்மா, என்று எழுந்தேன். வேணாம், காத்து வரட்டும், என்றார். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது, அம்மா நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறார், பாஸ்டர் கண்ணை மூடிக் கைகளைக் கட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்பவர் போல இருக்கிறார், அவருடைய வலது கால் மட்டும் சிமெண்ட் தரையில் தாளம் போட ஆரம்பித்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, நாங்கள் இருவரும் பார்த்துவிட்டுச் சொல்லாமலிருக்கிறோம்.